அருந்ததி தெரியுதா?

ஏப்ரல் 21, ஞாயிறு

சித்தி மகன் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாம்பார் தண்ணீர், பாயசம் பரவாயில்லை.

தாலி கட்டி, அம்மி மிதித்து முடிந்ததும் பொண்ணையும் மாப்பிள்ளையையும் மண்டப வாசலுக்குக் கூட்டி வந்து ஐயர் வானத்தைக் காட்டினார். வெயில் மண்டையைப் பிளக்கிறது. "அதோ, வசிஷ்டர் பக்கத்துல அருந்ததி. தெரியறதா?" என்றார். மாப்பிள்ளை, "தெரியுது சாமி" என்றான். அப்படிச் சொல்வதுதான் முறை. பட்டப்பகலில் எவன் நட்சத்திரம் பார்த்தான்? ஆனால் அந்தப் பொண்ணு கண்ணைச் சுருக்கி நன்றாகப் பார்த்துவிட்டு, "தெரியலையே" என்றது. மண்டபமே சிரித்தது. என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அருந்ததி தெரியாதவளுக்கு ஆறு மாசந்தான் ஆயுசுன்னு சொல்லுவாவ. மொத நாளே இவ வாயில வருது பாரு" என்று என் காதில் முணுமுணுத்தாள்.

ராத்திரி சித்தி வீட்டு மொட்டை மாடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். யாரோ நிஜ அருந்ததியைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஏழு நட்சத்திரம் வரிசை, அதில் வால் பக்கம் இரண்டாவதை ஒட்டிப் பொடிசாக ஒன்று. ஆளாளுக்கு "அந்தா, அந்தா" என்று கை நீட்டினார்கள். அம்மா பார்த்தாள். மாமா பார்த்தார். (மாமா என்றால் என் வீட்டுக்காரர் செண்பகராஜ். அம்மாவின் கடைசித் தம்பி. கட்டிக்கொண்ட பிறகும் மாமா மாமாதான்.) எங்கள் மகள் நித்திலாவும் எட்டிப் பார்த்து, "தெரியுது" என்றாள்.

"ஒனக்குத் தெரியுதாட்டி, கோமதி?" என்றாள் அம்மா.

"தெரியுது" என்றேன்.

எனக்குத் தெரிந்தது நிலாவும் அங்கங்கே இரண்டு புள்ளியும். அருந்ததி கிடக்கட்டும், அந்த ஏழையே காணவில்லை. ஊருக்கே தெரிகிறது எனக்கு மட்டும் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? என் கல்யாணத்திலும் சொன்ன பதில்தானே.

ஆறு மாதம் என்றால் அக்டோபர். கிறுக்குத்தனம் என்று தெரியும். ஆனாலும் விளக்கை அணைத்த பிறகு நித்திலாவின் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இவளுக்கு யார்? இவள் அப்பாவுக்குத் தறி ஓட்டத் தெரியும், சடை பின்னத் தெரியாது.

ஏப்ரல் 23, செவ்வாய்

சித்ரா பௌர்ணமி. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். நிலா வெளிச்சத்தில் யாருக்குத்தான் நட்சத்திரம் தெரியும்? நிலா தேயட்டும்.

கட்டில் காலில் இடித்து முழங்காலுக்குக் கீழே கன்றிப்போய்விட்டது. மாமாதான் கட்டிலை நகர்த்திப் போட்டிருக்க வேண்டும். இல்லை என்று சாதிக்கிறார்.

ஏப்ரல் 27, சனி

நம் ஜெராக்ஸ் கடையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கும் கேமரா இருக்கிறதே, அதில் நட்சத்திரப் படம் போட்ட ஒரு குறி இருப்பதை இத்தனை வருடம் கழித்து இன்றுதான் பார்த்தேன். அதை வைத்தால் பதினைந்து விநாடி கண்ணை மூடாமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்குமாம். ஸ்டாண்டையும் ஸ்கூட்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் ஒரு கால் ஒடிந்து டேப் சுற்றியிருக்கிறது.

முதல் படம் கோடு கோடாக வந்தது. பட்டனை அமுக்கும்போது என் கை ஆட்டிவிடுகிறது. குரூப் போட்டோவுக்கு வைப்பது போல டைமர் வைத்து, அமுக்கிவிட்டு விலகி நின்றேன். மாடியில் எதிர்வீட்டு பல்பு வெளிச்சம் படாத மூலை ஒன்றே ஒன்றுதான். அங்கே வைத்து வடக்கே திருப்பினேன். ஐந்தாவது படத்தில் விழுந்துவிட்டது. ஏழும்! பெரிதாக்கிப் பார்த்தேன். வாலில் இரண்டாவதுக்குப் பக்கத்தில் கடுகு போல ஒன்று. அருந்ததி.

சந்தோஷத்தில் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

கீழே வந்து மாமாவிடம் காட்டி, "கேமராவுல இவ்வளவு இருக்கு, நேர்ல இல்லையே?" என்று பட்டும் படாமல் கேட்டேன். "கேமரா ரொம்ப நேரம் பாக்குதுல்லா, அதான் கூடத் தெரியும்" என்றார். சரியான பேச்சு. மனசு லேசாகிவிட்டது. இரண்டு தோசை கூடத் தின்றேன்.

ஏப்ரல் 29, திங்கள்

கடை அடைத்து வரும் வழியில் எவனோ எருமை மாட்டுப் பயல் தள்ளுவண்டியை ரோட்டை ஒட்டி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். ஸ்கூட்டி உரசிவிட்டது. பின்னால் இருந்த நித்திலாவுக்கு முட்டியில் சிராய்ப்பு. மஞ்சள் வைத்தேன். வண்டியை நிறுத்துகிறவன் ஒரு விளக்காவது வைக்க வேண்டாமா?

மே 2, வியாழன்

நித்திலா புது விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறாள். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, மாடு. அம்மா, குழி. அம்மா, ஸ்பீடு பிரேக்கர்" என்று வீடு வரைக்கும் ஒப்பிக்கிறாள். கண்டக்டர் தோற்றார்.

மே 4, சனி

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். இந்த நட்சத்திரம் மட்டும் எல்லோருக்கும் நன்றாகத் தெரிகிறது.

மே 5, ஞாயிறு

நேற்று ராத்திரி நடந்ததை அப்போதே எழுத முடியவில்லை.

கடை அடைக்கக் கொஞ்சம் பிந்திவிட்டது. ஊருக்குத் திரும்பும் ரோட்டில் எதிரே ஒரு பஸ் முழு வெளிச்சம் போட்டு வந்தது. அது தாண்டிப் போனதும் முன்னால் ஒன்றுமே இல்லை. ரோடு இல்லை, புளியமரம் இல்லை, என் ஸ்கூட்டி வெளிச்சம்கூட எங்கே விழுகிறது என்று தெரியவில்லை. சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று போய்க்கொண்டிருந்தேன். "அம்மா நிறுத்து! நிறுத்தும்மா!" என்று நித்திலா கத்தின கத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். கையை நீட்டினால் வைக்கோல் குத்தியது. வைக்கோல் ஏற்றி நின்ற டிராக்டர். நடு ரோட்டில்.

அங்கிருந்து வீடு வரைக்கும் வண்டியை உருட்டிக்கொண்டே வந்தோம். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று மாமாவிடம் சொன்னேன். நித்திலா என் முகத்தைப் பார்த்தாள்.

பஸ்காரன் வெளிச்சத்தை இறக்கியிருக்கலாம்.

மே 7, செவ்வாய்

அமாவாசை. போதாததற்குக் கரண்டும் போய்விட்டது. தெருவே வெளியே வந்து புழுக்கத்தில் விசிறிக்கொண்டிருந்தது. "எய்யா, என்னா நட்சத்திரம்! அள்ளிக் கொட்டுனாப்பில இருக்கு" என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் அண்ணாந்தேன்.

கறுப்புக் கம்பளி.

கேமராவைத் தூக்கிக்கொண்டு தட்டுத்தடவி மாடிக்குப் போனேன். படம் எடுத்தேன். கேமரா திரையில் அள்ளிக் கொட்டித்தான் கிடக்கிறது. பின்னாலேயே வந்த மாமாவிடம், "கேமராவ விடுங்க. ஒங்க வெறுங்கண்ணுக்கு அந்த ஏழும் தெரியுதா?" என்று கேட்டேன். "என்னட்டி கேள்வி இது, பளிச்சுன்னு தெரியுதே" என்றார். "ஒனக்கு?"

"தெரியுது."

நிலா இல்லை, பல்பு இல்லை, மேகம் இல்லை. சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் மிச்சமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அக்டோபரில் சாவேன் என்ற பயம் இல்லை. இது வேறே. இதற்குப் பெயர் எனக்குத் தெரியும், எழுதத்தான் கை வரவில்லை. மாலைக்கண்.

மே 8, புதன்

அம்மாவுக்குப் போன் போட்டேன். பெரிய மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், கடைசிக் காலத்தில் இரண்டு கண்ணும் தெரியாமல் கிடந்து செத்தார்.

"அவருக்கு அம்மை போட்டுத்தான கண்ணு போச்சு?" என்றேன்.

"அண்ணன் மொகத்துல ஒரு தழும்பு பாத்திருக்கியாட்டி?" என்றாள்.

எனக்கு அந்த முகம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வழுவழுவென்று இருக்கும்.

"மொதல்ல ராத்திரிதான் தெரியாம இருந்துச்சு. வீட்ல பொட்டப்புள்ளைய மூணு பேரு இருந்தோம். பரம்பரக் கோளாறுன்னு சொன்னா எவன் பொண்ணெடுப்பான்? அம்மைன்னு சொல்லிட்டோம். சொல்லிச் சொல்லி எங்களுக்கே அப்படி ஆயிட்டு" என்றாள். அதற்குப் பிறகுதான், "ஏன் கேக்க?" என்றாள்.

சும்மா என்று வைத்துவிட்டேன். அம்மாவின் மேல் வந்த கோபத்தில் ஈயச்சட்டியைத் தேய்த்த தேய்ப்பில் நகம் ஒடிந்தது.

மே 11, சனி

ஜெராக்ஸ் மிஷினுக்கு டோனர் மை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருநெல்வேலி போனேன். கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டார்கள். அப்புறம் ஒரு வெள்ளைக் குண்டானுக்குள் முகத்தை வைத்து, உள்ளே எங்கே வெளிச்சம் மின்னினாலும் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வெளிச்சமே வரவில்லை, மிஷின் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன். டெஸ்ட் எடுத்த பிள்ளை பொறுமையாக, "அக்கா, வந்துட்டுதான் இருக்கு" என்றாள்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "சொந்தத்துல கட்டிருக்கீங்களா?"

"தாய்மாமா."

"உங்க அப்பா அம்மா?"

"அவங்களும் சொந்தந்தான்."

எழுதிக்கொண்டார். விழித்திரையில் கோளாறாம். முதலில் ராத்திரிப் பார்வை, பிறகு பக்கவாட்டுப் பார்வை. மெல்ல மெல்லச் சுருங்கும். சிலருக்குப் பல வருடம் ஆகும். திருப்பிக் கொண்டுவர இப்போது மருந்து இல்லை. இருட்டினால் வண்டி தொடக் கூடாது. இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டேன். அழவில்லை. பிறகு அவர், "பிள்ளைங்க இருக்காங்களா?" என்றார்.

"ஒரு பொண்ணு. எட்டு வயசு."

"கூட்டிட்டு வாங்க, பாத்துருவோம். பயப்படுத்தறதுக்காகச் சொல்லலம்மா."

பயப்படுத்தவில்லை என்று சொல்லித்தான் எல்லோரும் பயப்படுத்துகிறார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எப்படி வந்தேன் என்று தெரியாது. மருந்து விட்ட கண்ணில் வெயில் கூசியது. அதனால் அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மே 12, ஞாயிறு

டோனர் எங்கே என்றார் மாமா. ஸ்டாக் இல்லையாம் என்றேன்.

மே 14, செவ்வாய்

இனி ஐந்து மணிக்கே கடையை அடைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். வெயில் காலத்தில் வியாபாரம் இல்லையென்று காரணம். ஸ்கூல் அட்மிஷன் நேரம், ஜெராக்ஸுக்கு வரிசை நிற்கிறது என்பது மாமாவுக்கும் தெரியும். ஒருமாதிரி பார்த்தார்.

ராத்திரி நித்திலாவை வாசலில் நிறுத்தி, "பாப்பா, மேல நட்சத்திரம் தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியுதும்மா" என்றாள்.

அவள் வானத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். எந்தப் பதில் சொன்னால் அம்மா சமாதானம் ஆவாள் என்று பார்த்துச் சொன்னாள். அது என் குணம். நான் பெற்றது. நான் எப்படி அந்த வார்த்தையைச் சொல்லி வந்திருக்கிறேன் என்று எனக்கல்லவா தெரியும்? அவள் வாயால் வருகிற "தெரியுது"வை நான் எதை வைத்து நம்புவேன்? சரிபார்க்க என் கண்ணும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று மனசு சொல்கிறது. கால் வரமாட்டேன் என்கிறது. அந்தக் குண்டானுக்குள் என் பிள்ளை முகத்தை வைத்துக்கொண்டு, பட்டனை அமுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால்?

மே 18, சனி

ஒரு வழி தோன்றுகிறது. என் கண் இல்லாவிட்டால் என்ன, கேமரா இருக்கிறது. அவள் பார்ப்பதை அவளே வரையட்டும். அதே திசையைக் கேமரா எடுக்கட்டும். இரண்டையும் பகலில் நான் ஒத்துப் பார்க்கிறேன்.

ஏழு நட்சத்திரம் இருக்கிற பக்கம் கூடாது. அதை அவள் அப்பா காட்டிக் காட்டி மனப்பாடம் ஆகியிருக்கும். தெற்கே பார்க்க வேண்டும். அங்கே என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

இப்போது வளர்பிறை. நிலா போகட்டும்.

மே 23, வியாழன்

பௌர்ணமி. நிலா இருக்கிறவரை நிம்மதி. இந்த நிலா இப்படியே நின்றுவிடாதா?

மே 27, திங்கள்

மாமாவுக்கு ராத்திரி ஷிப்ட். இன்று நிலா பிந்தித்தான் வரும். இதற்கு மேல் தள்ள முடியாது.

சாப்பாடு முடிந்ததும் நித்திலாவைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். "போட்டி வைப்போமா? நீ சாக்பீஸால தரையில வானத்த வரை. நான் கேமராவுல எடுக்கேன். யாரோடது நல்லாருக்குன்னு காலையில பாப்போம்" என்றேன். "இருட்டுலயேவா?" என்றாள். "இருட்டுலதான். இருக்கறத மட்டும் போடணும். இல்லாதத போட்டா அவுட்டு" என்றேன்.

தெற்கே திருப்பி ஸ்டாண்டை வைத்தேன். பட்டனை அமுக்கிவிட்டு விலகி நின்றேன். அவள் சாக்பீஸ் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. டக், டக் என்று ஒவ்வொரு புள்ளிக்கும். சில நேரம் ரொம்ப நேரம் சத்தம் வரவில்லை. அப்போதெல்லாம் என் உயிர் என்னிடம் இல்லை. தெரியாமல் முழிக்கிறாளா, தேடுகிறாளா? கேட்டால் பொய் சொல்வாள் என்று கேட்கவில்லை.

லென்ஸில் தூசி இருக்குமோ என்று துடைக்க முன்பக்கம் போனேன். நித்திலா என் நைட்டியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "சும்மா இருட்டி, கேமரா ஆடுது" என்று அதட்டினேன். விடவே இல்லை. அப்படியே கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். தூக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. இறங்கலாம் என்றால் அதற்கும் வரவில்லை, "இன்னும் ஒண்ணு போடணும்மா, நீ இங்கனயே ஒக்காரு" என்று என்னை உட்காரவைத்துவிட்டுப் போய் நீளமாக எதையோ கிறுக்கிவிட்டு வந்தாள்.

அவள் தூங்கிவிட்டாள். கேமராவை நான் திறந்து பார்க்கவில்லை. காலையில் இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பேன். மேற்கே இடி இடிக்கிறது. மழை வந்தால் சாக்பீஸ் கரைந்துவிடும். மழை வரக் கூடாது என்று வேண்டுகிறேன். வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனாலும் தேவலை என்றும் இருக்கிறது. என்ன தாய் நான்.

மே 28, செவ்வாய்

மழை வரவில்லை.

விடிந்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு தனியாக மேலே போனேன். கடைசிப் படியில் கொஞ்ச நேரம் நின்றேன். சங்கரன்கோவில் கோமதி அம்மனை, என் பெயர்க்காரியை, வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

தரை முழுக்கப் புள்ளிகள். படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். படத்தில் இடப்பக்கம் இரண்டு பெரிய நட்சத்திரம். தரையிலும் இடப்பக்கம் இரண்டு, அழுத்தி வைத்த புள்ளி. படத்தில் பட்டம் போல நான்கு. தரையிலும் பட்டம், கொஞ்சம் சாய்ந்து. பட்டத்துக்குள்ளே ஒரு ஓரத்தில் தரையில் பொடியாக ஒரு புள்ளி இருந்தது. படத்தில் அதைக் காணவில்லை. பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். இருந்தது! அதே ஓரத்தில், அதே பொடிசு. கேமராவில் நான் தேடிக் கண்டுபிடித்ததை என் பிள்ளை வெறுங்கண்ணால் பார்த்திருக்கிறாள். மொட்டை மாடியில் மண்டிபோட்டு உட்கார்ந்து அழுதேன்.

இதை வைத்து அவளுக்கு ஒன்றும் வராது என்று ஆகிவிடாது. எட்டு வயதில் நானும் பார்த்திருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் இப்போது போகலாம் என்று தோன்றியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். புள்ளிகளுக்கு அப்பால், மாடியின் தெற்கு ஓரம் நெடுக, ஒரு சாக்பீஸ் முழுக்கத் தீரும்படி திரும்பத் திரும்ப அழுத்திப் போட்ட தடிமனான கோடு. தெற்குப் பக்கம் மட்டும் எங்கள் மாடியில் கைப்பிடிச் சுவர் கிடையாது. அறை கட்ட வேண்டும் என்று மாமா அப்படியே விட்டுவைத்திருக்கிறார். நடுமாடியில் வைத்ததாக நான் நினைத்த ஸ்டாண்டு அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதற்கு முன்னால் ஒரு சாண் தரை. பிறகு ஒன்றுமில்லை. லென்ஸ் துடைக்க நான் அந்தப் பக்கம்தான் போனேன்.

உட்கார்ந்தபடியே படிப்பக்கமாகப் பின்னால் நகர்ந்தேன். பின்னால் நித்திலா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"யாரும்மா ஜெயிச்சா?"

"நீதான்" என்றேன். "இந்தக் கோடு எதுக்குட்டி? வானத்துல இது இல்லையே."

"அது ஒனக்கு" என்றாள். "அதத் தாண்டிப் போயிராதன்னு போட்டேன். வெள்ளையா போட்டா தெரியும்னு நெனச்சேன். அதும் தெரியலையாம்மா?"

அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "அம்மாவுக்கு ராத்திரியில ஒண்ணுமே தெரியாதுட்டி" என்றேன். ஆஸ்பத்திரிக்கு வெளியே முதல் முறையாக ஒரு ஆளிடம் சொல்கிறேன்.

"தெரியும்" என்றாள் நித்திலா.

கீழே மாமாவின் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. இறங்கிப்போய்க் காப்பி போடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று, அங்கிருந்தே அவரைக் கூப்பிட்டேன்.